வலி தெரியாத நிறுவனங்கள்

ஒரு தொழிற்சாலையில் பெரிய இயந்திரம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று காலை முதல் அதன் ஓசையில் ஏதோ ஒரு சிறு மாற்றம். உள்ளே பேரிங் தேயத் தொடங்கியிருக்கலாம். இந்த மாற்றத்தை முதலில் அறிபவர் யார்? மாடியில் தம் அறையில் அமர்ந்திருக்கும் மேலாளரா? அல்லர். நாள்தோறும் எட்டு மணி நேரம் அந்த இயந்திரத்தின் அருகில் நிற்கும் தொழிலாளிதான் அதை முதலில் அறிகிறார். ஆனால் இயந்திரத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. அது மாடியில் இருக்கிறது.

அலுவலகத்திலும், மருத்துவமனையிலும், விமானத்திலும் இதே நிலைதான். குறையை அறிந்தவர் ஒருவர். முடிவு எடுப்பவர் வேறொருவர். இருவருக்கும் இடையே செய்தி தடையின்றிச் சென்றுகொண்டிருக்கும் வரை கவலை இல்லை. ஆனால், "குறை சொல்லாதே, சொன்ன வேலையைச் செய்" என்று சீறும் மேலதிகாரி ஒருவர் நடுவில் அமர்ந்துவிட்டால் என்ன ஆகும்? தொழிலாளி ஓரிரு முறை சொல்லிப் பார்ப்பார். பிறகு வாயை மூடிக்கொள்வார். இயந்திரம் மட்டும் தொடர்ந்து தேய்ந்துகொண்டிருக்கும்.

பணியிடத்தின் பண்பாடு என்பதைப் பலர் நாகரிகம், மரியாதை ஆகியவற்றோடு மட்டும் தொடர்புடையதாகக் கருதுகின்றனர். உண்மையில் அது உயிரோடு தொடர்புடைய பொருள். கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்த விபத்து விசாரணைகளும் மருத்துவ ஆய்வுகளும் இதைத் தெளிவாகக் காட்டியுள்ளன. அவற்றுள் சிலவற்றை இங்கே காண்போம்.

வலி என்னும் செய்தி

முதலில் நம் உடலையே எடுத்துக்கொள்வோம். விரல் சூடான பாத்திரத்தில் பட்டால் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறோம். நரம்புகள் கொண்டுவந்த செய்தி தண்டுவடத்தை எட்டியதுமே அங்கிருந்து தசைகளுக்குக் கட்டளை பிறந்துவிடுகிறது. மூளை வலியை உணர்வதற்குள் கை விலகிவிடுகிறது. வலி நமக்குப் பிடிக்காத செய்திதான். ஆனால் அந்தச் செய்தி வராவிட்டால் என்ன நேரும் என்பதை நம் வேலூரில் நடந்த ஆராய்ச்சியே உலகுக்கு எடுத்துக் காட்டியது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தவர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளின் விரல்கள் குறைந்துபோவது நோயினாலேயே நேர்வது, சதை தானாக அழுகி விழுகிறது என்று அக்காலத்தில் பரவலாக நம்பப்பட்டது. நோயாளிகளைக் கூர்ந்து கவனித்த பிராண்ட் வேறொன்றைக் கண்டார். நோய்க் கிருமிகள் நரம்புகளைத் தாக்கி உணர்ச்சியை அழித்துவிடுகின்றன. சூடு பட்டாலும், முள் குத்தினாலும், புண் அழுத்தப்பட்டாலும் நோயாளிக்குத் தெரிவதில்லை. அதனால் அவர் கையையோ காலையோ விலக்கிக்கொள்வதில்லை. காயத்தின் மேல் காயம் பட்டு, சீழ் பிடித்து, இறுதியில் விரல் போய்விடுகிறது. விரலை அழிப்பது வலியின்மை.

நிறுவனங்களுக்கும் இத்தகைய நிலை வருவதுண்டு. கீழே உள்ளவர்கள் சொல்லும் குறைகள்தாம் ஒரு நிறுவனத்தின் வலி. அவற்றை அடக்கிவிடும் நிர்வாகம் தன் நரம்புகளைத் தானே அறுத்துக்கொள்கிறது. அதன் பிறகு எல்லாம் அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கண்டு நிர்வாகமும் மகிழ்ந்திருக்கும்.

ரப்பர் வளையமும் ஒரு குளிர் இரவும்

இதற்கு வரலாற்றில் பதிவான மிகத் தெளிவான சான்று, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் அழிவு ஆகும்.

விண்வெளி ஓடத்தை மேலே தூக்கிச் செல்ல, அதன் இருபுறமும் திட எரிபொருள் ராக்கெட்டுகள் இரண்டு பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.7 மீட்டர் விட்டம் உடையது. அவை முழுக் குழாய்களாக வார்க்கப்படாமல், துண்டு துண்டாகச் செய்யப்பட்டுப் பின்னர் இணைக்கப்பட்டன. இணைப்புகளின் வழியே உள்ளிருக்கும் தீப்போன்ற வாயு கசிந்துவிடாமல் தடுக்க, ஒவ்வோர் இணைப்பிலும் இரண்டு ரப்பர் வளையங்கள் வைக்கப்பட்டன. நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் மூடியிலுள்ள ரப்பர் கேஸ்கட் செய்யும் வேலையைத்தான் அவையும் செய்தன. வளையத்தின் பருமன் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு.

ராக்கெட் பற்றவைக்கப்பட்டவுடன் உள் அழுத்தத்தினால் குழாய் சற்றுப் புடைக்கும். இணைப்பின் இடைவெளி ஒரு கணத்துக்குள் விரியும். ரப்பர் வளையம் உடனே விரிந்து அந்த இடைவெளியை அடைத்தாக வேண்டும். ரப்பருக்கு அந்தத் துள்ளல் வெப்பத்தில்தான் உண்டு. குளிரில் அது விறைத்து மந்தமாகிவிடும். பழைய கேஸ்கட் இறுகிப் போனால் குக்கரில் ஆவி கசிவதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா?

இந்த ராக்கெட்டுகளைச் செய்தளித்தது, யூட்டா மாநிலத்தில் இருந்த மார்ட்டன் தயோக்கால் என்னும் நிறுவனம். 1985 ஜனவரியில், சுமார் 12 டிகிரி செல்சியஸ் குளிரில் பறந்த ஓர் ஓடத்தின் ராக்கெட்டுகளைக் கடலிலிருந்து மீட்டுப் பிரித்துப் பார்த்தபோது, முதல் வளையத்தைத் தாண்டி வாயு கசிந்திருப்பதைக் காட்டும் கரிப்படிவு இருந்தது. அந்நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் போஜலே கவலை கொண்டார். இதைச் சரி செய்யாவிட்டால் உயிரிழப்பு உட்படப் பேரழிவு நேரும் என்று 1985 ஜூலை 31ஆம் நாள் தம் மேலதிகாரிக்கு எழுத்து மூலம் எச்சரித்தார். வளையங்களை ஆராய ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. ஆனால் அதற்குத் தேவையான ஆட்களும் பொருள்களும் உரிய வேகத்தில் கிடைக்கவில்லை.

1986 ஜனவரி 27ஆம் நாள் இரவு. மறுநாள் காலையில் சேலஞ்சர் புறப்பட வேண்டும். ஃபுளோரிடாவில் உறைநிலைக்கும் கீழே குளிர் இறங்கும் என்று வானிலை அறிக்கை கூறியது. தயோக்கால் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் நாசா அதிகாரிகளிடம் எச்சரித்தனர். 12 டிகிரிக்குக் கீழே நமக்கு அனுபவம் இல்லை. புறப்பாட்டைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது அவர்கள் பரிந்துரை. நாசா அதிகாரிகள் அதை விரும்பவில்லை. தயோக்கால் நிர்வாகிகள் சற்று நேரம் தனியே கலந்து பேச அனுமதி கேட்டனர். அப்போது ஒரு மூத்த நிர்வாகி, தம்மோடு இருந்த பொறியியல் பிரிவின் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகியின் தொப்பியை அணிந்துகொள்ளும்படி கூறினார் என்பது விசாரணையில் வெளிவந்த செய்தி. போஜலேயும் அவருடைய சக பொறியாளர் ஒருவரும் மேசையருகே சென்று படங்களைக் காட்டி மீண்டும் வாதாடினர். பயனில்லை. நிர்வாகிகள் நால்வர் மட்டும் முடிவெடுத்தனர். பொறியாளர்களின் கருத்து வாக்காகக் கேட்கப்படவில்லை. புறப்படலாம் என்று கடிதம் போயிற்று. புறப்பாட்டுத் தளத்தில் இருந்த தயோக்காலின் பிரதிநிதி ஆலன் மக்டொனால்டு அதில் கையொப்பமிட மறுத்தார். யூட்டாவிலிருந்து மேலதிகாரி ஒருவர் கையொப்பமிட்டு அனுப்பினார்.

மறுநாள் காலை வெப்பநிலை சுமார் 2 டிகிரி. புறப்பட்ட 73ஆம் வினாடியில் சேலஞ்சர் வானில் சிதறியது. ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியையும் ஒருவர்.

பின்னர் விசாரணைக் குழுவின் உறுப்பினரும் இயற்பியல் மேதையுமான ரிச்சர்ட் ஃபெய்ன்மன், பொதுக் கூட்டத்தில் ஒரு எளிய சோதனை செய்தார். அந்த ரப்பரின் சிறு துண்டு ஒன்றைக் கவ்வியில் இறுக்கி, பனிக்கட்டி நீர் நிறைந்த குவளைக்குள் வைத்தார். வெளியே எடுத்துக் கவ்வியைத் தளர்த்தியபோது ரப்பர் உடனே பழைய வடிவுக்குத் திரும்பவில்லை. ஒரு குவளை நீரில் தெரிந்துவிட்ட இந்த உண்மையைப் பொறியாளர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தனர். அறிவு கீழேயே இருந்தது, மேலே ஏறவில்லை.

செய்தி எப்படித் தேய்கிறது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தில் தொழிலாளிக்கும் தலைவருக்கும் இடையே ஐந்து படிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு படியிலும் உள்ளவர், மேலதிகாரியின் முகம் சுளிக்கக் கூடாதே என்று செய்தியின் கடுமையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துச் சொல்கிறார் என்றும் கொள்வோம். 100 என்று புறப்பட்ட எச்சரிக்கை 80, 64, 51, 41 என்று இறங்கி, தலைவரிடம் சேரும்போது 33 ஆகிவிடுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் சற்றே மென்மையாகச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

இது வெறும் கற்பனைக் கணக்கு. உண்மை இதைவிட வியப்பானது. விண்வெளி ஓடம் ஒன்று அழிவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று ஃபெய்ன்மன் விசாரித்தபோது, நேரடியாக வேலை செய்யும் பொறியாளர்கள் நூற்றில் ஒன்று என்ற அளவில் கூறினர். நிர்வாகத்தின் மதிப்பீடோ இலட்சத்தில் ஒன்று. இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு! இலட்சத்தில் ஒன்று என்றால், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் தினமும் ஓர் ஓடத்தை அனுப்பினாலும் ஒன்றே ஒன்றுதான் அழியும் என்று பொருள். 1981 முதல் 2011 வரை ஓடங்கள் மொத்தம் 135 முறை பறந்தன, இரண்டு அழிந்தன. யாருடைய மதிப்பீடு உண்மைக்கு அருகில் இருந்தது என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. வளையங்களில் அரிப்பு ஏற்படுவது 1981லேயே, ஓடத்தின் இரண்டாம் பயணத்திலேயே காணப்பட்டது. வடிவமைப்பின்படி அப்படி நேரவே கூடாது. ஆனால் ஓடம் பத்திரமாகத் திரும்பிவிட்டது. பின்னொரு முறையும் சிறிது அரிப்பு. அப்போதும் ஓடம் திரும்பியது. நாளடைவில், இவ்வளவு அரிப்பு இருக்கலாம் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. டயன் வான் என்னும் சமூகவியலார் இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 1996இல் நூலாக வெளியிட்டார். பிழை பழகிப்போய் வழக்கமாகிவிடுகிறது என்பது அவர் கண்ட முடிவு. தெருவிலுள்ள திறந்த சாக்கடையைத் தினமும் தாண்டிச் செல்பவருக்கு அது கண்ணிலேயே படுவதில்லை. புதிதாக வந்தவர் சுட்டிக் காட்டினால், "அது எப்போதும் அப்படித்தான்" என்பார்.

மீண்டும் அதே பாடம்

ஒருமுறை பட்டதும் திருந்திவிட்டார்களா? 2003 ஜனவரி 16ஆம் நாள், நம் நாட்டில் ஹரியானாவின் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவரை ஏற்றிக்கொண்டு கொலம்பியா ஓடம் புறப்பட்டது. சுமார் 82ஆம் வினாடியில் எரிபொருள் தொட்டியின் மேலுறையிலிருந்து இலேசான நுரைப்பொருள் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. படச்சுருளில் இது தெரிந்தது. சேதத்தின் அளவை அறிய, சுற்றுப்பாதையிலுள்ள ஓடத்தைப் படம் எடுக்க ஏற்பாடு செய்யுமாறு பொறியாளர்கள் கேட்டனர். அக்கோரிக்கைகள் நிர்வாகத்தால் ஏற்கப்படவில்லை. முன்பும் பலமுறை நுரைத்துண்டுகள் விழுந்திருக்கின்றன. ஒன்றும் ஆகவில்லை என்பதே அவர்கள் எண்ணம். பொறியாளர் ஒருவர் தம் கவலையைக் கடுமையான சொற்களில் மின்னஞ்சலாக எழுதினார். ஆனால் மேலதிகாரிகளுக்கு அதை அனுப்பவில்லை.

பிப்ரவரி 1ஆம் நாள், தரையிறங்கச் சுமார் 16 நிமிடங்கள் இருக்கும்போது கொலம்பியா வானில் சிதறியது. எழுவரும் மாண்டனர். அதே ஆண்டு ஜூலையில், அத்தகைய நுரைத்துண்டு ஒன்றை வாயுத் துப்பாக்கியால் இறக்கை விளிம்பின் மாதிரிமீது எய்து சோதித்தபோது சுமார் 40 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓட்டை விழுந்தது. விபத்துக்கு அந்த நுரைத்துண்டு எவ்வளவு காரணமோ, அவ்வளவுக்கு நிறுவனத்தின் பண்பாடும் காரணம் என்று விசாரணைக் குழு தன் அறிக்கையில் எழுதியது.

ஊழியர் ஏன் வாய் திறப்பதில்லை?

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், "தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? கோழைத்தனம்தானே?" என்று எளிதாகக் கேட்டுவிடுகின்றனர். ஊழியரின் இடத்தில் நின்று கணக்குப் பார்த்தால் வேறு விடை கிடைக்கும்.

சொல்வதால் வரும் இழப்பு உடனடியானது, உறுதியானது, தனக்கே உரியது. மேலதிகாரியின் கோபம், நின்றுபோன பதவி உயர்வு, தொலைதூர ஊருக்கு மாற்றல், "இவன் எப்போதும் இப்படித்தான்" என்ற பெயர் எல்லாம் அவர் ஒருவர் தலைமீதே விழும். சொல்வதால் வரும் நன்மையோ எப்போதோ வருவது, வந்தாலும் எல்லோருக்கும் பொதுவானது. அதைவிட முக்கியமாக, அந்த நன்மை கண்ணுக்குத் தெரியாது. விபத்து நடக்காமல் தடுத்தவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. நடக்காத விபத்தை யார் பார்த்தார்கள்?

சேலஞ்சர் விபத்துக்குப் பிறகு நேர்ந்ததும் இதற்குச் சான்று. விசாரணையில் உண்மையைச் சொன்ன மக்டொனால்டு தம் பொறுப்பிலிருந்து கீழிறக்கப்பட்டார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் கண்டித்த பின்னரே நிலைமை மாறியது. ராக்கெட் இணைப்புகளைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு அவரிடம் தரப்பட்டது. அவர் திருத்திய ராக்கெட்டுகளுடன் 1988 செப்டம்பர் 29ஆம் நாள் ஓடங்கள் மீண்டும் பறந்தன. போஜலே சக ஊழியர்களால் ஒதுக்கப்பட்டு, மனமுடைந்து நிறுவனத்தை விட்டே விலகினார். 1988இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் அவருக்கு விருது வழங்கிப் போற்றியது. உண்மை சொன்னவர்களுக்கே இக்கதி என்று கண்ட மற்ற ஊழியர்கள் என்ன பாடம் கற்றுக்கொண்டிருப்பார்கள்?

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அன்றிரவு நிர்வாகிகள் கேட்ட கேள்வி முற்றிலும் பொருளற்றது அன்று. 24 டிகிரி வெப்பத்தில் பறந்த ஓர் ஓடத்திலும் கசிவு இருந்ததே, பிறகு குளிரை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது என்றனர். பாதிப்பு ஏற்பட்ட பயணங்களை மட்டும் வைத்து வாதாடிய பொறியாளர்களால் இதற்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. பாதிப்பு இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பட்டியலிட்டிருந்தால் விடை கண்முன் நின்றிருக்கும். 18 டிகிரிக்குக் கீழே நடந்த நான்கு பயணங்களிலும் வளையங்கள் பாதிக்கப்பட்டிருந்தன. அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் நடந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே பாதிப்பு. குறை சொல்ல முன்வருபவருக்குத் துணிவோடு முறையான புள்ளிவிவரமும் துணை வேண்டும் என்பது இதன் பாடம். ஆனால் பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்கும் கடமை நிர்வாகத்துடையது. அந்த இரவில், ஆபத்து உண்டு என்று மெய்ப்பிக்கும் சுமை பொறியாளர்களின் தலைமீது மாற்றி வைக்கப்பட்டது. அங்கேதான் நீதி புரண்டது.

உடலில் விழும் அடி

எல்லாப் பணியிடங்களிலும் ராக்கெட் பறப்பதில்லை. ஒரு சாதாரண அலுவலகத்தில் மோசமான நிர்வாகம் யாரைக் கொல்லும் என்று கேட்கலாம்.

1967இல் பிரிட்டனில் அரசு ஊழியர்கள் சுமார் 18,000 பேரின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்று தொடங்கியது. அரசு அலுவலகங்கள் நிறைந்த தெருவின் பெயரால் இது வைட்ஹால் ஆய்வு எனப்படுகிறது. பொறுப்பு மிகுந்த உயர் அதிகாரிகளுக்கே மாரடைப்பு அதிகம் வரும் என்பது அப்போதைய நம்பிக்கை. முடிவு நேர்மாறாக இருந்தது. கடைநிலை ஊழியர்களிடையே இதய நோயால் ஏற்பட்ட இறப்பு விகிதம், உயர் அதிகாரிகளிடையே இருந்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைபிடித்தல், இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி விளக்கம் பெறாமல் நின்றது.

காரணத்தை அறிய 1985இல், ஆண்களும் பெண்களுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைக் கொண்டு, மைக்கேல் மார்மட் தலைமையில் இரண்டாம் ஆய்வு தொடங்கப்பட்டது. தம் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் சிறிதும் உரிமை இல்லாதவர்களுக்கே இதய நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்று அது காட்டியது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979லேயே இக்கருத்தை வெளியிட்டிருந்தார். வேலை கடினமாக இருப்பது மட்டும் கேடு அன்று. கடினமான வேலையும், அதில் தன் சொல்லுக்கு இடமின்மையும் சேர்வதே கேடு என்பது அவர் கொள்கை.

இதன் உடலியல் எளிதில் விளங்கக் கூடியதே. ஆபத்து நேர்ந்தால் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புநீர்கள் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது; இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறுகின்றன. புலியைக் கண்டு ஓடுவதற்கு இவை உதவும். ஓடி முடித்ததும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் மேலாளரைக் கண்டு ஓட முடியாது. எதிர்த்துப் பேசவும் முடியாது. நாளைக் காலை பத்து மணிக்கு மீண்டும் அவர் முன் நிற்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இப்படித் தயார் நிலையிலேயே இருக்கும் உடலில் இரத்தக் குழாய்களும் தூக்கமும் நோய் எதிர்ப்பு ஆற்றலும் கெடுகின்றன. சொல்ல முடியாமல் விழுங்கிய சொல் உடலுக்குள் சென்று வேலை செய்கிறது எனலாம்.

பிழை அதிகமுள்ள குழு நல்ல குழுவா?

1990களின் தொடக்கத்தில் ஏமி எட்மண்ட்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். ஒற்றுமையும் நல்ல தலைமையும் உள்ள செவிலியர் குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். புள்ளிவிவரமோ அத்தகைய குழுக்களில்தான் பிழைகள் அதிகம் என்றது! மேலும் ஆராய்ந்தபோது புதிர் விடுபட்டது. நல்ல குழுக்கள் பிழைகளை அதிகம் செய்யவில்லை. அதிகம் வெளியே சொன்னார்கள். தலைமைச் செவிலியருக்கு அஞ்சி நடுங்கிய குழுக்களில் பிழைகள் மறைக்கப்பட்டன. சொன்னால் தண்டனை வராது என்ற இந்த நம்பிக்கைக்கு மனப் பாதுகாப்பு என்று பெயர். இதைப்பற்றி அவர் 1999இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது.

ஆகவே, புகாரே வராத அலுவலகத்தைக் கண்டு மேலதிகாரி பெருமைப்படுவதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும்.

மாற்ற முடியுமா?

முடியும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு.

1977 மார்ச் 27ஆம் நாள், ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனிக்கிடையே இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தனர். புறப்படத் தொடங்கிய விமானத்தின் பொறியாளருக்கு ஐயம் எழுந்தது. எதிரே உள்ள விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டார். விமானத் தலைவர் மிக மூத்தவர். மற்ற விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பவர். விலகிவிட்டது என்று அவர் உறுதியாகச் சொன்னதும் பேச்சு முடிந்துவிட்டது. இத்தகைய விபத்துகளை ஆராய்ந்து 1979இல் நாசா ஒரு கருத்தரங்கு நடத்தியது. அதிலிருந்து, விமானக் குழுவினருக்குப் புதிய பயிற்சி பிறந்தது. ஐயம் எழுந்தால் இளையவர் தயங்காமல் சொல்ல வேண்டும். மூத்தவர் அதைக் கேட்டாக வேண்டும் என்பதே அதன் சாரம். 1989 ஜூலையில் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தையும் இழந்த ஓர் அமெரிக்க விமானம் சூ சிட்டி நகரில் விழுந்தபோது, 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தனர். எல்லோருடைய யோசனையையும் கேட்டுச் செயல்படக் கற்பித்த அந்தப் பயிற்சியே இதற்குக் காரணம் என்று அதன் தலைவர் ஆல் ஹேன்ஸ் பின்னர் பலமுறை கூறினார்.

இரண்டாவது சான்று கலிபோர்னியாவின் ஃபிரீமாண்ட் நகரில் இருந்த கார்த் தொழிற்சாலை. ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய காலத்தில் அங்கே ஒரே விதி: என்ன ஆனாலும் உற்பத்தி வரிசை நிற்கக் கூடாது. தவறாகப் பொருத்தப்பட்ட பாகங்களுடனேயே கார்கள் வெளியே வந்தன. தொழிலாளரில் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாள்களும் உண்டு. 1982இல் ஆலை மூடப்பட்டது. 1984இல் ஜப்பானின் டொயோட்டாவுடன் கூட்டாக அதே ஆலை திறக்கப்பட்டது. வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. ஆனால் இப்போது அவர்கள் தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்கியது. குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் ஓடிவருவார், திட்டுவதற்கு அன்று, உதவுவதற்கு. குறை தீராவிட்டால் வரிசையே நிற்கும். வேலைக்கு வராதோர் விகிதம் நூற்றுக்கு இரண்டு, மூன்றாகக் குறைந்தது. கார்களின் தரம் உயர்ந்தது. அந்தக் கூட்டு நிறுவனம் 2010இல் முடிவடையும் வரை இலட்சக்கணக்கான கார்களைச் செய்தது. ஆட்கள் மாறவில்லை. அவர்களிடம் நிர்வாகம் நடந்துகொண்ட முறை மாறியது.

நாம் செய்யக் கூடியவை

ஊழியராக இருப்பவர்கள், கண்ட குறையை வாய்ச்சொல்லோடு விடாமல் நாள், நேரம், அளவு ஆகியவற்றுடன் எழுதி வைப்பது நன்று. போஜலேயின் எச்சரிக்கை எழுத்தில் இருந்ததால்தான் விசாரணையில் உண்மை நிலைத்தது. தனியாகச் சொல்வதைவிட, அதே குறையை அறிந்த இருவர் மூவர் சேர்ந்து சொல்வது பாதுகாப்பானது. இருப்பினும் முழுப் பொறுப்பையும் ஊழியரின் துணிவின்மேல் சுமத்துவது முறையாகாது. வாய் திறந்தவரின் சோற்றில் மண் விழாது என்று உறுதி தர வேண்டியது நிர்வாகமே.

மேலதிகாரி என்பவர், வரும் எல்லாக் குறைகளையும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. பல குறைகள் ஆராய்ந்த பின் ஒன்றுமில்லை என்று முடியும். ஆனால் ஆராய்ந்த பின்புதான் அப்படிச் சொல்ல முடியும். "சொன்னது நல்லதாயிற்று, வாருங்கள் பார்ப்போம்" என்று ஒருவர் சொல்வதற்கு அதிகச் செலவு ஒன்றும் இல்லை. அந்த ஒரு விடையைக் கேட்ட ஊழியர் அடுத்த முறையும் வருவார். சீறி விழுந்தால் அவர் வரமாட்டார். அவரைப் பார்த்த பத்துப் பேரும் வரமாட்டார்கள்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் பொறியாளராக, செவிலியராக, எழுத்தராக வேலைக்குச் செல்வீர்கள். அதற்கும் சில ஆண்டுகளுக்குப் பின் உங்களுக்குக் கீழே நாலு பேர் இருப்பார்கள். அவர்களுள் மிக இளையவர் ஒருநாள் தயங்கித் தயங்கி உங்கள் மேசையருகே வந்து, "சார், ஒன்று சொல்ல வேண்டும்" என்பார். கையிலிருக்கும் வேலையைச் சற்று நிறுத்திவிட்டு, அவரை உட்காரச் சொல்லுங்கள்.